ஒரு விரல் குறைவு

இது நடந்தது. கனவு கண்டாயா, கதை விடுகிறாயா என்று கேட்டவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஸ்கர்ட்டை எடுத்து அவர்கள் மடியில் போடுவேன். பார்த்துவிட்டு இதுவரை யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. அந்த ஸ்கர்ட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தையல்காரி. பல வருடங்களாகப் பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் தைக்கிறேன். ஒரு பிள்ளை கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதன் உயரம் எனக்குத் தெரிந்துவிடும். டேப்பை எடுப்பது கூட வந்த அம்மாவின் திருப்திக்கு. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவது ஓர் அளவைப் பற்றி. அளவு விஷயத்தில் நான் ஏமாறுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் பள்ளி விடுமுறையில் ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். உள்ளேயே தங்கும் விடுதியும் உண்டு. ஏற்பாடெல்லாம் என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா. அவர் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தால் போதும், வாயைத் திறக்கத் தேவையில்லை. அவர் மகனுக்கு ஏழு வயது. வயதை மீறிய வளர்த்தி. வீட்டில் அவனை ஒட்டடைக்குச்சி என்போம். என் மகளுக்கும் அதே ஏழுதான். ஆனால் பிறந்ததிலிருந்தே சின்ன உருவம் என்பதால் அவளுக்குப் பொடிசு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த ஊருக்கு வந்ததே டிராகன் ரயிலில் ஏறத்தான். இரண்டு பிள்ளைகளும் மூன்று மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். உயரமாக ஏறி, தலைகுப்புற இறங்கி, ஒரு குகைக்குள் பாய்ந்து மறையும் ரயில். வாசலில் ஆளுயர மரக் கரடி ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கைக்கு அடியில் பிள்ளையை நிறுத்துவார்கள். தலை கையில் முட்டினால் ஏறலாம். முட்டாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஒட்டடைக்குச்சிக்கு முட்டியது. பொடிசுக்கு முட்டவில்லை.

எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. முக்கால் இன்ச் குறைவு. ஒரு விரல் நுழையும் இடைவெளி. ஆனால் பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

அப்போதுதான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். கரடிக்குப் பின்னாலிருந்து வந்தாள். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் மஞ்சள் டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். இவள் மட்டும் பிரவுன் நிறத்தில் சட்டையும் ஸ்கர்ட்டும். வட்டக் காலர். கீழ் மடிப்பு முழுவதும் கைத்தையல். அவ்வளவு சன்னமான கைத்தையலைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அதனால் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பொடிசின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஒரு விரல் கம்மி. வேண்டாம்மா."

"பரவாயில்லைங்க. அடுத்த வருஷம் வளர்ந்துடுவா, அப்ப வரோம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு வளரணும்?" என்றாள்.

கிண்டலாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். அதற்குள் பொடிசு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். மண்டையைப் பிளக்கும் வெயில். என் தோளில் கிடந்த அவள் தலையைத் தடவினேன். உச்சந்தலை மட்டும் சில்லென்று இருந்தது.

அழுகை அறைக்கு வரும்வரை நிற்கவில்லை. போதாததற்கு என் நாத்தனார், "என் பையனுக்கு நான் ராகி கொடுத்து வளர்த்தேன், நீ தைக்கிறதுலயே இருந்துட்ட" என்று ஒரு குத்து வைத்தார். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பையில் ஊசி, நூல், இன்ச் டேப், காலருக்குள் வைத்துத் தைக்கும் கெட்டிக் கேன்வாஸ் எல்லாம் இருந்தன. முடிக்காத சட்டை வேலை இரண்டைக் கூடவே கொண்டுபோயிருந்தேன். சுற்றுலா போகிறவள் எடுத்துப்போகிற சாமானா இது என்று என் கணவர் கேட்டிருந்தார். இப்போது உதவியது. கேன்வாஸைப் பொடிசின் கால் அளவுக்கு வெட்டி, அடுக்கடுக்காக வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தேன். முக்கால் இன்ச் கனம். கணுக்கால்வரை ஏறும் ஷூ என்பதால் உள்ளே வைத்தாலும் வெளியே தெரியவில்லை.

"மாட்டிக்கிட்டா மானம் போயிடும்" என்றார் என் கணவர்.

"ஷூவைக் கழட்டியா பாக்கப் போறாங்க?"

அவரும் சிரித்துவிட்டார். பொடிசு ஷூவைப் போட்டுக்கொண்டு அறை முழுக்க ராஜநடை நடந்தாள். பிறகு கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தாள். அவள் அன்று சிரித்தது அப்போதுதான்.

எங்கள் அறை விடுதியின் பழைய கட்டடத்தில் இருந்தது. பக்கத்து அறையில் நாத்தனாரும் அவர் மகனும். சின்ன அறைதான், ஆனால் சுத்தம். அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் மட்டும் பென்சில் கோடுகள். பிள்ளைகளை நிறுத்தி உயரம் குறிப்போமே, அதே மாதிரி. விடுதிச் சுவரில் யார் இப்படிக் கிறுக்கியது என்று நினைத்துக்கொண்டே விளக்கை அணைக்கப் போனேன்.

ஏதோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் இப்படிக் குறித்தால் கீழே உள்ள கோடு பழையது, மங்கலாக இருக்கும். மேலே போகப் போகப் புதுசு. இங்கே தலைகீழாக இருந்தது. மேல் கோடு மங்கல். கீழே வர வரக் கருப்பு.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

மணி ஒன்று பத்துக்கு விழிப்பு வந்தது. என்ன சத்தம் என்று முதலில் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. என் தொழிலில் தினமும் கேட்கிற சத்தம்தான்.

ப்ர்ர்க்... ப்ர்ர்க்...

தையல் பிரிக்கிற சத்தம்.

என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பொடிசு எனக்கும் அவருக்கும் நடுவில் சுருண்டு கிடந்தாள். செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தேன். சத்தம் நின்றது.

கட்டிலோரமாகக் கேன்வாஸ் துண்டுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக. கத்தரியால் வெட்டவில்லை. பிய்க்கவில்லை. ஒவ்வொரு தையலாகப் பொறுமையாகப் பிரித்திருந்தது. எடுத்த நூலைச் சின்ன உருண்டையாகச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தது. வேலை தெரிந்தவர்கள்தான் அப்படி வைப்பார்கள்.

அவரை உலுக்கி எழுப்பினேன்.

"நீங்களா பிரிச்சீங்க?"

"எதை?"

காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "தூக்கத்துல நீயே பிரிச்சிருப்ப. பேசாம படு."

நானே பிரித்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. தூக்கத்தில் நான் பேசுவேன் என்று அம்மாகூடச் சொல்வாள். விளக்கைப் போட்டு உட்கார்ந்து, இரட்டை நூல் கோத்து மறுபடி தைத்தேன். என்ன பிடிவாதமோ தெரியவில்லை. பயம் ஒரு பக்கம், நாத்தனாரின் பேச்சு ஒரு பக்கம். பேச்சுதான் ஜெயித்தது. ஷூவுக்குள் வைத்து, ஷூவை என் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். குளியலறை விளக்கை எரியவிட்டேன்.

கண் அசந்துவிட்டது போல.

டிக்.

மறுபடி விழித்தேன். அறை இருட்டாக இருந்தது. குளியலறை விளக்கு அணைந்திருந்தது.

டிக்... டிக்...

தகரம் தரையில் தட்டுகிற சத்தம். என் இன்ச் டேப்பின் நுனியில் ஒரு தகடு உண்டு. அந்தத் தகடு தரையில் பட்டால் இப்படித்தான் கேட்கும்.

டேப் என் பைக்குள் இருந்தது. பைக்கு ஜிப் போட்டிருந்தேன்.

கையை நீட்டிப் பொடிசைத் தேடினேன்.

படுக்கை காலி.

போர்வையைத் தடவினேன். கட்டில் ஓரத்தைத் தடவினேன். எதுவும் கையில் படவில்லை.

"பொடிசு..."

பதில் அலமாரிப் பக்கத்திலிருந்து வந்தது. கிசுகிசுப்பாக.

"பேசாதம்மா."

செல்போனைத் தேடினேன். தேடிய வேகத்தில் அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

வெளிச்சம் போட்டேன்.

பொடிசு சுவரோடு சுவராக நின்றிருந்தாள். குதிகால் இரண்டும் சுவரில். முதுகு சுவரில். முகம் நேராக. கண் மூடியிருந்தது.

தலைக்கு மேலே...

டேப்.

ஒரு முனை அவள் உச்சந்தலையில். அங்கிருந்து சுவரை ஒட்டி விறைப்பாக இறங்கியது. மிச்சம் தரையில் சுருண்டு கிடந்தது.

யாரும் பிடித்திருக்கவில்லை.

டிக்.

சுருளின் நுனி நகர்ந்தது.

"அசையக் கூடாதாம்மா" என்றாள் பொடிசு. "ஆன்ட்டி அளவெடுக்குறாங்க."

நான் அலறினேன்.

டேப் பொத்தென்று விழுந்தது. என் கணவர் துள்ளி எழுந்து விளக்கைப் போட்டார். பொடிசு திடுக்கிட்டு விழித்து அழுதாள். நான் அவளை அள்ளிக் கட்டிலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, விடியும்வரை கையை எடுக்கவே இல்லை. என் கணவர் பார்த்தது தரையில் கிடந்த டேப்பை மட்டும்தான். பிள்ளை தூக்கத்தில் நடந்திருக்கிறாள், நீ பயந்துவிட்டாய் என்றார். பொடிசுக்கும் எதுவும் ஞாபகமில்லை.

விடிந்ததும் முதலில் ஷூவைப் பார்த்தேன். கேன்வாஸ் அப்படியே இருந்தது. இரட்டை நூல், ஒரு தையல்கூடப் பிரியவில்லை. இந்த முறை அதைத் தொடவே இல்லை.

பிறகு சுவரைப் பார்த்தேன். எல்லாக் கோடுகளுக்கும் கீழே ஒரு புதுக் கோடு. விரலால் தொட்டால் கரி ஒட்டியது. எனக்குத் தெரிந்த பொடிசின் உயரத்துக்கு ஒரு விரல் கீழே இருந்தது அது. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்தப் பயத்திலும் எனக்கு முதலில் தோன்றியது, எவளோ தப்பாக அளவெடுத்திருக்கிறாள் என்பதுதான்.

ரயிலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஊருக்குக் கிளம்பலாம் என்றேன். பொடிசு தரையில் புரண்டு அழுதாள். நாத்தனார், "ராத்திரி கண்ட கனவுக்குப் பகல்ல பிள்ளையைத் தண்டிப்பியா?" என்றார். பட்டப்பகல். சுற்றிலும் ஆயிரம் பேர். வெளியே பாட்டுச் சத்தம். அந்த வெளிச்சத்தில் எனக்கே கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றியது. பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனேன்.

கரடிக்குப் பக்கத்தில் பிரவுன் உடுப்புக்காரி இல்லை. மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஊழியர் ஒருவர் நின்றார். பொடிசு ஷூவோடு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, கரடிக் கைக்கு அடியில் போய் நின்றாள்.

இன்று முட்ட வேண்டும். நேற்றுக் குறைவு முக்கால் இன்ச். வைத்தது முக்கால் இன்ச். கணக்கு அவ்வளவுதான்.

முட்டவில்லை.

அவர் இடைவெளியில் விரலை நுழைத்துப் பார்த்தார். "ஒரு விரல் கம்மி. சாரி பாப்பா."

என் கணவர் பிள்ளையை ஓரமாக அழைத்துப்போய், குனிந்து ஷூவைக் கழற்றினார். உள்ளே கேன்வாஸ் இருந்தது.

"அமுங்கிப் போச்சு போல" என்றார்.

காலர் கேன்வாஸ் அமுங்காது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அதே கனம். பிறகு வெறுங்காலோடு நின்ற என் மகளைப் பார்த்தேன். டேப் தேவைப்படவில்லை.

நேற்று இருந்த உயரம் இல்லை.

அவரிடம் சொல்லவில்லை. ஒட்டடைக்குச்சியும் அவன் அம்மாவும் ரயிலில் ஏறிப்போய், ஒன்றும் ஆகாமல், சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். நான் பொடிசைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு நடந்தேன். பின்பக்கம் துணி துவைக்கும் கட்டடத்தைத் தாண்டும்போது தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கால் தானாக அங்கே போனது. உள்ளே ஒருவர் மஞ்சள் டி-ஷர்ட் ஒன்றின் கையைத் தைத்துக்கொண்டிருந்தார். அங்குள்ள ஊழியர்களின் உடுப்புக்கெல்லாம் அவர்தான் தையல்காரர்.

"அண்ணா, வட்டக் காலர் வெச்ச பிரவுன் யூனிஃபார்ம் இங்க யாரு போடுறாங்க?"

மெஷினை நிறுத்தினார். "அதை யாரும் போடுறதில்லம்மா. நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. நீங்க எங்க பாத்தீங்க?"

"டிராகன் ரயில் வாசல்ல. கீழ் மடிப்பு கைத்தையல்."

அவர் முழுதாக என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எல்லாருக்கும் மெஷின்லதான் மடிச்சுக் கொடுத்தேன். ஒருத்தி மட்டும் அதைப் பிரிச்சுட்டுக் கையாலயே தச்சுப்பா. ரயில் வாசல்ல பிள்ளைங்களை அளக்குற வேலை அவளுக்கு. புருஷன் இல்ல. பொண்ணோட பழைய கட்டடத்துல இருந்தா. அப்ப அது வேலை செய்யறவங்க குடியிருப்பு."

"இப்ப எங்க இருக்காங்க?"

அவர் டி-ஷர்ட்டை மறுபடி கையில் எடுத்தார்.

"பொண்ணு தினம் அழுமாம், எல்லாப் பிள்ளையும் ஏறுது, நான் மட்டும் ஏறலைன்னு. அதுக்கும் உயரம் பத்தல. ஒருநாள் இவளே ஷூவுக்குள்ள துணியை மடிச்சு வெச்சு ஏத்தி விட்டுட்டா. குகைக்குள்ள வண்டி திரும்பறப்போ மடியில போடுற கம்பிக்கு அடியில பொண்ணு நழுவி விழுந்துடுச்சு." அவர் நூலை அறுத்தார். "அப்புறம் எந்தப் பிள்ளையையும் இவ ஏற விடல. உயரமா இருந்தாலும் கம்மின்னுதான் சொல்லுவா. வேலையை விட்டு எடுத்தாங்க. ரூமை விட்டு வெளியவே வரல. கதவைத் தட்டினா ஒரே புலம்பல்தான். ஒரு விரல் கம்மியா இருந்திருந்தா என் பொண்ணு இருந்திருப்பா, ஒரு விரல் கம்மியா இருந்திருந்தா இருந்திருப்பான்னு. கடைசியில கதவை உடைச்சுத்தான் எடுத்தாங்க."

எந்த அறை என்று நான் கேட்கவில்லை. எங்கள் அறை எது என்று அவர் கேட்டார். சொன்னேன்.

பொடிசை ஏறிட்டுப் பார்த்தார். "உடனே கிளம்புங்கம்மா" என்றார்.

அன்று மதியமே கிளம்பிவிட்டோம். நாத்தனார் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொடிசின் பள்ளி ஸ்கர்ட்டை எடுத்தேன். தீம் பார்க்குக்குப் போவதற்கு முந்தின வாரம் நானே அளவெடுத்து, நானே தைத்தது. முழங்காலில் நிற்கும்படி வைத்திருந்தேன். போட்டுவிட்டேன். ஒரு விரல் கீழே இறங்கி நின்றது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறாள், முன்பு நீங்கள்தான் தப்பாக அளந்திருப்பீர்கள் என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, அது உண்மையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். நீல நூலால் மடிப்பை ஒரு விரல் ஏற்றித் தைத்தேன்.

இரண்டு வருடமாகிறது. ஒட்டடைக்குச்சி என் தோளைத் தொடுகிறான். பொடிசு வகுப்பில் எல்லோரையும்விடச் சின்னவள். நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள், படிக்கிறாள். ஆனால் அதே ஸ்கர்ட். ஒரு நூல்கூட வளரவில்லை. மற்ற அம்மாக்கள் மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுக்கச் சொல்லி என் கடைக்கு வரும்போது நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், இஸ்திரி போடலாம் என்று அந்த ஸ்கர்ட்டை எடுத்தேன். திருப்பிப் போட்டேன். என் நீலத் தையல் அப்படியே இருந்தது.

அதற்கு மேலே இன்னொரு மடிப்பு.

ஒரு விரல் அகலம். சன்னமான கைத்தையல். பிரவுன் நூல். என் வீட்டிலும் கடையிலும் பிரவுன் நூல் கிடையாது.

பொடிசைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டேன். உயரம் அப்படியே இருந்தால், மடிப்பு கூடிய ஸ்கர்ட் ஏறித்தான் நிற்க வேண்டும். ஒரு விரல் மேலே ஏறி நிற்கட்டும், ஏறி நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டே எட்டி நின்று பார்த்தேன்.

சரியாக முழங்காலில் நின்றது.